கம்முனு இருக்கிற பொண்ணு

குழந்தை முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'அம்மா' என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். இருக்கட்டும். ஆரணியில் வளர்ந்த நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'கம்முனு'. அதைச் சொல்லக் கற்கவில்லை, கேட்கக் கற்றேன். கம்முனு இரு. கம்முனு சாப்பிடு. கம்முனு உள்ளே போ. எனக்கு வாய் நீளம், கோபம் வேறு மூக்குக்கு மேலே நிற்கும். அதனால் மற்றப் பிள்ளைகளைவிட எனக்கு இந்தச் சொல் தாராளமாகவே கிடைத்தது. இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

'அமைதியாக இரு' என்று பொருள் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது முழுப் பொருள் இல்லை. 'சும்மா இரு' என்றால் செய்கிற காரியத்தை நிறுத்து என்று அர்த்தம். 'வாயை மூடு' என்றால் அங்கே ஒரு சண்டை நடக்கிறது, நீயும் அதில் ஓர் ஆள் என்று அர்த்தம். 'கம்முனு இரு' என்பதில் சண்டையே கிடையாது. சொன்னதைச் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, பிடிக்கவில்லை என்பது முகத்திலும் தெரியக் கூடாது. வாயை மட்டும் அல்ல, முகத்தையும் மூடச் சொல்கிற சொல் அது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ஆம்பிளையிடம் 'கம்முனு இரு' என்றால் அந்த நேரத்துக்கு அடங்கிப் போ என்று பொருள். பொம்பளையிடம் சொன்னால் காலம் பூராவும் அப்படியே இரு என்று பொருள்.

எண்பதுகளில் சென்னையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். என் அறையில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஓயாமல் பேசுவாள். ஒருநாள் தலைவலி தாங்காமல், "கொஞ்ச நேரம் கம்முனு இருக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தன் கூந்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, "நேத்து வச்ச பூடி, வாடிப் போச்சு, இனிமே எப்படிக் கம்முன்னு இருக்கும்?" என்றாள். அவர்கள் ஊரில் கம்மென்று இருப்பவை மல்லிகையும் சாம்பாரும்தானாம். பொம்பளைகள் இல்லையாம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்து எங்கள் தெருவில் குடியேறியது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் கேட்டேன். அவருக்குத் தறியை விட்டால் வேறு உலகம் கிடையாது. "நம்ம தொழில்ல இருந்து வந்த வார்த்தைதான் அது" என்றார். தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற இழை, முடிந்ததும் அதன் முனையோடு புதுப் பாவை இழை இழையாக முடிச்சுப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வரிசை தப்பிவிடும். அதற்காகச் சொல்ல ஆரம்பித்ததுதான் வீடு முழுக்கப் பரவிவிட்டது என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருவர் இருந்தார். அவர் விடவில்லை. "எங்க சித்தூர் பக்கம் வந்து கேளு, கம்முனுண்டுன்னுதான் சொல்லுவாங்க. எங்க கிட்ட இருந்து நீங்க எடுத்துகினீங்க" என்றார். யாருடைய சொத்து என்று இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். இந்தச் சொத்துக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடுகிறார்களே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். அங்கே 'கம்முதல்' என்று ஒரு வினை இருந்தது. குரல் அடைத்துக்கொள்வது. வானம் மேகம் போட்டு மூடிக்கொள்வது. நம் 'கம்முனு' அதிலிருந்துதான் பிறந்தது என்று அங்கே போட்டிருக்கவில்லை. நானாகத்தான் ஒட்டவைத்துக்கொள்கிறேன். புலவர்கள் தப்பு என்று சொன்னால் சொல்லட்டும். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வேறு சந்தேகம் எழவில்லை. மூடிக்கொண்ட வானத்தையும் அடைத்துக்கொண்ட குரலையும் ஒரே நாளில், ஒரே வீட்டு வாசலில் பார்த்தவள் நான்.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. எங்கள் அண்ணி கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரணமல்லூர் பக்கம் அவளுக்கு ஊர். வீட்டைச் சுற்றி வயல். ஒருத்தரை ஒருத்தர் வரப்புக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கூப்பிட்டே பழகியவர்கள். அதனால் அண்ணிக்குக் குரல் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. வந்த புதிதில் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டே எனக்கு சினிமாக் கதை சொல்லுவாள். நாயகன் அழுகிற இடத்தில் இவள் சிரிப்பாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அம்மாவுக்கும் அவளைப் பிடிக்காமல் இல்லை. அதட்டுகிற மாமியார் இல்லை எங்கள் அம்மா. தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னாள்: "இங்க தெருவே தறி மா. நாலு பேரு காதுல விழுந்துகினே இருக்கும். கம்முனு இரு, ம்?"

"சரிங்க அத்தை" என்றாள் அண்ணி.

அவ்வளவுதான் நடந்தது. திட்டு இல்லை, அடி இல்லை. அப்புறம் வேறொரு நாள் அப்பா சொன்னார், இன்னொரு நாள் அண்ணன் சொன்னான். ஒரு வருஷத்துக்குள் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தெருவில் அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. "கம்முனு இருக்கிற பொண்ணு." எங்கள் பக்கத்தில் ஒரு மருமகளுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. பெண் தேடுகிறவர்கள் அம்மாவிடம் வந்து, "உங்க மருமவ மாதிரியே ஒண்ணு இருந்தா சொல்லுங்க" என்பார்கள். அம்மா பூரித்துப் போவாள். அண்ணியைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எனக்குத் தினமும் பூசை நடக்கும்.

அண்ணி உண்டானபோது நகராட்சி ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுப் போவார். கடைசியாக வந்தபோது வயிற்றைத் தடவிப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. "கொழந்த குறுக்கால இருக்குது. வீட்டுல எல்லாம் பாக்க முடியாது. வலின்னு ஒண்ணு எடுத்தா வெச்சிகினு இருக்காதீங்க, ஜல்தியா பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துடுங்க" என்றார். அம்மா, நான், அண்ணி மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மழை என்றால் எங்கள் தெருவில் பாவு போட முடியாது. பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மரக்கால்கள் மேல் நிறுத்தி, அரிசிக் கஞ்சி போட்டுத் தடவிக் காயவைக்க வேண்டும். காய்வதற்குள் எடுத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு பட்டு பாழ். நாங்கள் பெரிப்பா என்று கூப்பிடுகிற எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு கல்யாணச் சேலைப் பாவு காத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் வானம் வெளுத்தது. விடிந்தும் விடியாமலும் பாவை இறக்கிவிட்டார்கள். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவில் உள்ள எல்லா வீட்டு ஆம்பிளைகளும் வந்து நிற்க வேண்டும். எங்கள் அப்பாவும் அண்ணனும் போய்விட்டார்கள்.

எங்கள் தெரு மிகவும் குறுகல். பாவு போட்டால் இரண்டு பக்கமும் ஒருக்களித்து நடக்கத்தான் இடம் இருக்கும். வண்டி உள்ளே வர முடியாது. எங்கள் வீடு தெருவின் மூடிய கோடியில். பின்பக்கம் ரைஸ் மில் மதில். வெளியே போக வேறு வழியில்லை. அதோடு ஒரு கட்டுப்பாடு வேறு. ஈரப் பாவு தெருவில் இருக்கும்போது தீட்டுள்ள பெண் வாசலைத் தாண்டக் கூடாது, பிள்ளை வலி எடுத்தவளும் அதில் சேர்த்தி. அவள் நிழல் பட்டால் பட்டு ஒளி போய்விடும், அதைக் கட்டுகிற கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஒரு சவத்தையே தெருமுனையில் இறக்கிவைத்துப் பாவு காயும் வரைக்கும் காத்திருந்தார்கள். இதில் பெரிப்பாவின் கோபம் ஊரறிந்தது. தன் பாவின் ஓரமாக உரசிக்கொண்டு வந்த ஒருவனின் சைக்கிளை அப்படியே தூக்கிச் சாக்கடையில் போட்டவர் அவர்.

எனக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அண்ணி ராட்டை சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுற்றிற்று. மறுபடி நின்றது. எழுந்து போய்ப் பார்த்தேன். ராட்டையின் கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணி?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. நீ போய்ப் படி."

நான் போகவில்லை. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். தரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "வலி எடுத்துக்கிச்சா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்தான் அத்தை" என்றாள் அண்ணி. "பெரிப்பா பாவு எடுக்கட்டும். அப்பால போலாம்."

அம்மா மூச்சு விட்டாள். பாவை எடுக்கச் சொல்லிப் போய் நிற்க வேண்டி வருமோ என்றுதான் அவள் பயந்தாள். மருமகளே சொல்லிவிட்டாள். "அதான் மா நல்லது. வெயில் வந்துட்டா சீக்கிரம் காஞ்சிடும். அது வரைக்கும் கம்முனு படு" என்று பாயை விரித்தாள்.

"நர்ஸம்மா உடனே இட்டுகினு வரச் சொன்னாங்களே மா" என்றேன்.

"வலி எடுத்தான்னுதானே சொன்னாங்க? வலி எடுத்தவ இப்படியா கம்முனு இருப்பா? மூணு பெத்தவடி நான். கத்துற கத்துல கூரை பறக்கும். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுட்டுது?"

எங்கள் அம்மா மூட வேண்டும் என்று சொன்ன வாயை அண்ணி மூடிக்கொண்டாள். மூடியிருக்கிறதே, அதனால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அம்மா முடிவு கட்டினாள். இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். மில் மதிலுக்கு மேலே வெளுத்திருந்த வானம் மறுபடியும் மூடிக்கொண்டு வந்தது. மழை இல்லை, வெயிலும் இல்லை. மந்தாரம். பெரிப்பா புறங்கையால் பாவைத் தொட்டுப் பார்த்தார். தலையை அசைத்தார். இன்னும் ஈரம். ஆம்பிளைகள் அவரவர் இடத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒவ்வொருவரையும் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

உள்ளே போனேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "அண்ணி, ரொம்ப வலிக்குதா? அம்மா கிட்ட சொல்லட்டுமா?" என்று காதருகில் கேட்டேன். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். முந்தானையை எடுத்துவிட்டு மெதுவாக, "காஞ்சிட்டுதா பாரு" என்றாள்.

காயவில்லை. நான் சுவரோரமாக ஒருக்களித்து நடந்து அண்ணனிடம் போனேன். அவன் பாவின் கோடியில் கயிற்றைப் பிடித்து நின்றான். "அண்ணிக்கு உடம்பு சரியில்ல, வா" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் வெளிறியது எனக்கு இப்போதும் தெரிகிறது. கயிற்றை விடவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"இன்னா?" என்றார் அப்பா.

அத்தனை ஆம்பிளைகள் நடுவில் பிரசவம் என்ற பேச்சை எடுக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். "அம்மா கூப்பிடுது" என்றேன்.

"அடுத்தவங்க பாவுல நின்னுகினு இருக்கோம். பாதியில விட்டுட்டு வர முடியுமா? கம்முனு வூட்டுக்குப் போ."

"இல்லப்பா, அண்ணிக்கு..."

"கம்முனு போன்னு சொன்னேன்."

அப்பாவுக்கும் புரியாமல் இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைப் பார்த்தான். கட்டின பெண்டாட்டிக்கு என்ன என்று கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை. அவனும் அதே பால் குடித்து வளர்ந்தவன்தானே. அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் பல வருஷம் போகவில்லை.

திரும்பி வரும்போது மறுபடியும் பெரிப்பாவைக் கடந்து வந்தேன். என்னைப் பார்த்து, "பாத்து வா, மேல படாம" என்றார். பாவைத்தான் சொன்னார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது. பாயில் ரத்தம் பரவியிருந்தது. அம்மா பழைய துணிகளை வாரிக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லவே இல்லியே, சொல்லவே இல்லியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணியின் உதடு வெளுத்துப்போயிருந்தது. கண் திறந்திருந்தது. அப்போதும் அவள் கத்தவில்லை.

"அம்மா, போய்ச் சொல்லு."

அம்மா வாசலுக்குப் போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். தொண்டையில் ஏதோ கரகரத்தது, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாசலில் நின்று ஒரு ஆம்பிளையை அவள் சத்தம் போட்டுக் கூப்பிட்டது கிடையாது. இப்போது கூப்பிட வேண்டியிருந்தது, குரல் அவளிடம் இல்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அவளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். "எங்க அண்ணி சாவுது. ரத்தமா போவுது. வண்டி வரணும், பாவை எடுங்க" என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்.

தெரு அப்படியே நின்றது. அப்பா என்னை அடிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் பெரிப்பா என்னைப் பார்த்து, "எப்பல இருந்து?" என்று கேட்டார்.

"காலைல இருந்து."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்தார். பாவை இந்தப் பக்கத்துக் கோடியில் ஒரே இழுப்பில் அறுத்தார். ஈரப் பட்டு மொத்தமும் சேற்றில் விழுந்தது. "மரக்காலைத் தள்ளுங்கடா. ஒருத்தன் ஓடு, மார்க்கெட் முனையில ஜட்கா நிக்கும்" என்றார். மரக்கால்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிச் சுவரோரம் எறிந்தார்கள். அண்ணன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து அண்ணியைத் தூக்கினான். சேற்றில் கிடந்த பட்டின் மேலேயே ஜட்கா ஏறி வந்து, அவளை ஏற்றிக்கொண்டு அதன் மேலேயே திரும்பிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரைக்கும் வராந்தாவில் நின்றோம். டாக்டரம்மா வெளியே வந்து, பெரிய உயிரைக் காப்பாற்றியாயிற்று என்றார். சின்ன உயிரைப் பற்றி நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண் குழந்தை. அப்புறம் எங்களை உள்ளே விட்டார்கள். நான் கட்டிலருகில் நின்றிருந்தபோது டாக்டரம்மா அண்ணியிடம், "எப்பம்மா வலி ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரியே" என்றாள் அண்ணி.

"ராத்திரியேவா? ஏன் யார் கிட்டயும் சொல்லல?"

அண்ணி எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் பாவு போடப் போகிறார்கள் என்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன்தான் சொன்னான். எனக்கு நினைவிருந்தது. அவளும் கேட்டுக்கொண்டுதான் பரிமாறினாள்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் அவள் அழவில்லை. உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப் பூ வைத்துக் கட்டிவிட்டாள். துக்கம் விசாரிக்கத் தெருப் பெண்கள் வந்தார்கள். வெளியே வந்ததும், "எவ்ளோ கம்முனு தாங்கிகினு இருக்குது பாரு. வேற பொண்ணா இருந்தா ஊரைக் கூட்டியிருக்கும்" என்று பேசிக்கொண்டார்கள். ஊரைக் கூட்டியிருந்தால் குழந்தை இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே தள்ளினாள்.

அப்பா பெரிப்பாவின் முகத்தைப் பார்க்கவே கூசினார். அவருடைய கல்யாணப் பாவு எங்களால் சேற்றில் போயிற்று. எதிர்வீடுதான், ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிடுவார். கடைசியில் பெரிப்பாவே வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று அழைத்தும் வரவில்லை. அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடிப்போய்க் கையைக் கூப்பினார்.

"அண்ணா, மன்னிச்சிக்கணும். உங்க பாவு எங்களால..."

"நிறுத்து" என்றார் பெரிப்பா. அவர் குரல் எப்போதும் போல உரக்க இல்லை. "பாவுக்கா வந்தேன் நானு? ராத்திரி தூக்கம் வரல. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். காலைலயே ஏன்டா சொல்லல?"

"உங்க கல்யாணப் பாவு... அதுவும் தீட்டு... எப்படி அண்ணா வந்து கேக்குறது?"

"கேட்டா இல்லன்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சியா? இத்தினி வருஷம் எதிர்ல இருக்கேன். என்னைப் பத்தி அவ்ளோதான் தெரியுமா உனக்கு? ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா அப்பவே அறுத்துப் போட்டிருப்பேனே. நூலுதானேடா அது."

அப்பாவின் கூப்பின கை அப்படியே இருந்தது. அம்மா அடுப்படிக் கதவோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். காலை முழுக்க நாங்கள் எதற்கு நடுங்கிக் காத்துக் கிடந்தோமோ, அப்படி ஒரு தடையே அங்கே இருந்திருக்கவில்லை.

உள்ளறையில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் அது அண்ணி என்று எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு பெரிய குரலை அந்த வீடு மறந்துபோயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடைக்கு வந்துவிட்டாள். பெரிப்பா நிற்கிறார், மாமனார் நிற்கிறார் என்று பார்க்கவில்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வாய் விட்டு, அடிவயிற்றிலிருந்து அழுதாள். எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், ஒவ்வொரு தறியாக நின்றது.

அம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்தாள். "வேணாம் மா. பச்ச உடம்பு. எல்லாரும் பாக்குறாங்க. கம்முனு இரு மா, என் கண்ணு இல்ல?"

அண்ணி அம்மாவின் கையை விலக்கினாள். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான்.

"கம்முனு இருந்துதானே அத்தை கொன்னுட்டோம்" என்றாள்.